ஒளியிலும் பஞ்சமி கேட்போம்

1

சிங்க்ரோட்ரான் என்ற சொல்லைச் சேரியில் போய்ச் சொன்னால் ஏதோ மாத்திரைப் பெயர் என்று நினைப்பார்கள். நினைக்கட்டும். ஒரு சொல் நம் தெருவுக்கு வந்து சேராமலே இருப்பது தற்செயலாக நடப்பதில்லை. வேதம் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்று என்று எழுதி வைத்த நாடு இது. இன்றைக்கு ஈயம் காய்ச்ச வேண்டியதில்லை. ஒரு சட்டம், சட்டத்துக்கு ஒரு அட்டவணை, அட்டவணைக்கு 'உன்னத நிறுவனங்கள்' என்று ஒரு பெயர். கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். அந்தக் கதவைப் பற்றியும் அதற்குப் பின்னால் எரிகிற ஒளியைப் பற்றியும் நாம் பேசியாக வேண்டும்.

நான் ஒரகடத்தில் ஒரு வங்கிக் கிளையில் குமாஸ்தா. கவிதை எழுதுகிறவன். பி.எஸ்சி. இயற்பியல் படித்தேன், பட்டத்தோடு கல்லூரி என்னை விட்டது, இயற்பியலை நான் விடவில்லை. இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நம் தோழர்கள் இரண்டு விதமாக மறிக்கிறார்கள். ஒருவர் கேட்கிறார்: "குடிக்கத் தண்ணி இல்ல, பொணம் தூக்கிட்டுப் போகப் பாதை இல்ல, எக்ஸ்ரே வளையம் நமக்கு எதுக்கு தோழர்?" இன்னொருவர் நாலு புத்தகம் கூடப் படித்தவர். அவர் சொல்கிறார்: "நவீன அறிவியலே ஐரோப்பிய அதிகாரத்தின் சொல்லாடல். நம்ம அறிவு நம்ம கையில இருக்கு. அவன் ஒளி அவனுக்கு."

இரண்டு பேரும் எதிரிகள் அல்லர். இருவருக்கும் பதில் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் அந்த வளையம் என்ன என்று பார்த்துவிடுவோம்.

2

மழையில் நனைந்த குடையைச் சுழற்றினால் விளிம்பிலிருந்து நீர்த்துளிகள் நேர்கோட்டில் தெறிக்கும். சிங்க்ரோட்ரான் கிட்டத்தட்ட அதுதான். காற்றே இல்லாத ஒரு குழாய் வளையம். அதற்குள் எலக்ட்ரான்களை ஒளியின் வேகத்துக்கு மிக அருகில் ஓட விடுகிறார்கள். காந்தங்கள் அவற்றை வளைக்கின்றன. ஒவ்வொரு வளைவிலும் எலக்ட்ரான் ஒளியை உதறுகிறது. அந்த ஒளியில் எக்ஸ்ரேயும் உண்டு. ஆஸ்பத்திரி எக்ஸ்ரேயோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குப் பொலிவானது. வளையத்தைச் சுற்றிலும் வாசல் வாசலாகக் குழாய் வைத்து, வெளியே வரும் ஒளியைப் பொருள்களின் மேல் பாய்ச்சுகிறார்கள்.

இந்த ஒளியின் வரலாறு நமக்குத் தெரிய வேண்டியது. 1947இல் அமெரிக்காவில், ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் இதை முதலில் கண்ணால் பார்த்தார்கள். அணுத்துகள் ஆராய்ச்சிக்காரர்களுக்கு அது தொல்லை. எலக்ட்ரானுக்கு ஊட்டிய ஆற்றல் எல்லாம் ஒளியாகக் கசிந்து வீணாகிறதே என்று நொந்துகொண்டார்கள். அதாவது கழிவு. பிறகு சிலர் அந்தக் கழிவைக் கேட்டு வந்தார்கள். பெரிய இயந்திரங்களின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டு, எஞ்சிய ஒளியில் தங்கள் சோதனையைச் செய்தார்கள். அந்த முறைக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயருக்கு 'ஒட்டுண்ணி முறை' என்றே பொருள். பிற்பாடு அந்தக் கழிவுக்காகவே தனி வளையங்கள் கட்டினார்கள். ஊரார் கழித்துப் போட்டதில் உயிர் வாழ்ந்தவர்களுக்கு இந்தக் கதை புதிதா என்ன?

இந்தியாவில் இந்த வளையம் இருப்பது மத்தியப் பிரதேசத்தின் இந்தூரில், அணுசக்தித் துறையின் ராஜா ராமண்ணா உயர்தொழில்நுட்ப மையத்தில். இண்டஸ்-1 சிறியது, 1999இல் ஒளிர்ந்தது. இண்டஸ்-2 பெரியது, சுற்றளவு 172.5 மீட்டர், எலக்ட்ரானின் ஆற்றல் 250 கோடி எலக்ட்ரான் வோல்ட். 2005இல் சுற்ற ஆரம்பித்தது. ஜப்பானின் ஸ்பிரிங்-8 வளையம் 1,436 மீட்டர் சுற்றளவு. 1997 முதல் இயங்குகிறது. நம் நாட்டு ஆய்வாளர்கள் ஜப்பானின் சுகுபாவுக்கும் ஜெர்மனியின் ஹாம்பர்க்குக்கும் போய் அங்குள்ள வளையங்களிலும் வேலை செய்கிறார்கள். அரசுதான் காசு கட்டுகிறது. நம் காசு.

இந்த ஒளி என்ன காட்டும்? ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடிப் பங்கு போட்டால் ஒரு பங்கு எவ்வளவோ, ஏறக்குறைய அந்த அளவு இடைவெளியில்தான் பொருளுக்குள் அணுக்கள் உட்கார்ந்திருக்கின்றன. எக்ஸ்ரேயின் அலைநீளமும் அதே அளவு. அதனால் அடுக்காக இருக்கும் அணுக்களின் மேல் பட்ட எக்ஸ்ரே சிதறிப் புள்ளிக்கோலம் போடும். 1912இல் ஜெர்மனியில் லாவே இதைக் கண்டார். கோலத்தைப் பார்த்து, புள்ளி எங்கே இருந்தது என்று கணக்குப் போடும் வித்தையைப் பிராக் என்ற தகப்பனும் மகனும் கண்டுபிடித்தார்கள். 1915இல் இருவருக்கும் நோபல் பரிசு.

மேற்பரப்பை மட்டும் பார்க்கவும் வழி உண்டு. எக்ஸ்ரேயை ஒரு பாகைக்கும் குறைவான சாய்வில், தரையோடு தரையாக விட்டால் அது உள்ளே இறங்காது. மேலே இருக்கும் சில நானோமீட்டர் தோலை மட்டும் தடவிவிட்டுத் திரும்பிவிடும். வண்ணம் எப்படி ஒட்டியிருக்கிறது, துரு எங்கே ஆரம்பிக்கிறது, கண்ணாடி மேல் பூசிய படலம் எத்தனை தடிப்பு என்பதெல்லாம் தெரியும்.

இன்னொரு வித்தை உண்டு. நம் கட்டுரைக்கு அதுதான் முக்கியம். ஒவ்வொரு தனிமமும் எக்ஸ்ரேயை விழுங்கத் தொடங்கும் ஆற்றல் ஒன்று உண்டு. குரோமியத்துக்கு 5,989 எலக்ட்ரான் வோல்ட். அந்த எல்லையை ஒட்டி அது எப்படி விழுங்குகிறது என்று வரைந்து பார்த்தால், குரோமியம் இருக்கிறதா என்பதோடு எந்த வடிவில் இருக்கிறது என்றும் சொல்லலாம். ஏன் முக்கியம் என்று பிறகு சொல்கிறேன்.

3

தீட்டு என்பது என்ன? மேற்பரப்பைப் பற்றிய ஒரு கொள்கை. தொட்டால் ஒட்டும், நிழல் பட்டால் ஒட்டும், கிணற்றில் வாளி இறங்கினால் தண்ணீர் முழுக்க ஒட்டும். எத்தனை நானோமீட்டர் தடிப்பு என்று எந்தப் பண்டிதனும் அளந்ததில்லை. ஆனால் அதை வைத்து ஊரையும் சேரியையும் பிரித்தார்கள். பிரித்த கோடு இன்றும் அழியவில்லை.

'அணுவில் சாதி உண்டா' என்று கேட்டுக் கைதட்டல் வாங்கும் பேச்சாளர்கள் நம்மிடையே நிறைய. நான் அதற்கு வரவில்லை. அணுவில் சாதி இல்லை என்பது அணு விஞ்ஞானிக்குத் தெரியாதா? நம்மைவிட நன்றாகத் தெரியும். பகலெல்லாம் அணுவுக்குள்ளே பார்த்துவிட்டு, சாயங்காலம் மகளுக்கு வரன் தேடும்போது சாதியும் கோத்திரமும் பார்க்கிறவர்கள் உண்டு. பொருளைப் பார்க்கத் தெரிந்தவனுக்கு மனிதனைப் பார்க்கத் தெரிய வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை. எனவே 'அறிவியல் வளர்ந்தால் சாதி தானாகப் போகும்' என்ற கதையை நாம் கேட்டது போதும். வளையம் சாதியை ஒழிக்காது. வளையத்தைச் சுற்றி யார் நிற்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

ஒரகடத்துக்கு வந்து பாருங்கள். 2010இல் ரெனோ-நிசான் கார் ஆலை, அதே வாக்கில் அப்போலோ டயர், 2012இல் டைம்லரின் லாரி ஆலை, 2013இல் ராயல் என்பீல்டு. பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம். இங்கே எல்லா வேலையும் மேற்பரப்பு வேலைதான். தகட்டுக்கு வண்ணம், கண்ணாடிக்குப் பூச்சு, ரப்பரை இரும்புக்கம்பியோடு ஒட்டுவது, போன் திரையைத் துடைத்து அடுக்குவது. அந்த மேற்பரப்புகளைத் தொடும் கைகள் யாருடையவை? சுற்றுவட்டாரக் காலனிப் பிள்ளைகள், வட மாநிலத்திலிருந்து ரயிலேறி வந்தவர்கள். ஐடிஐ, டிப்ளமா. பாதிப் பேர் ஒப்பந்தம், பயிற்சியாளர். சம்பளம் ஏறும் தேதி எனக்குத் தெரியும். அடுத்த வாரமே அது காலியாகும் விதமும் தெரியும்.

அதே கவுண்டரில் ஒரு நாள் ஒரு பாட்டி வந்தார். செங்கல் சூளையில் நாற்பது வருஷம் கல் அறுத்தவர். முதியோர் பணம் எடுக்கக் கைரேகை வைத்தார். கருவி ஏற்கவில்லை. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தோம். "இன்னாப்பா, ரேகையும் பூடுச்சா?" என்று கேட்டார். பூடுச்சுதான். மண்ணும் சுண்ணாம்பும் வெயிலும் சேர்ந்து அந்த விரலின் மேற்பரப்பைத் தின்றுவிட்டன. உழைப்பின் அடையாளமே 'ஆள் அடையாளம் தெரியவில்லை' என்று கருவியில் வருகிறது. மேற்பரப்பு அறிவியல் யாருக்குத் தேவை என்று கேட்கும் தோழருக்கு அந்தப் பாட்டியின் பெருவிரலைக் காட்டுகிறேன்.

4

தோலுக்கு வருவோம். நம்மை விட்டு யார் தோலைப் பேச முடியும்?

1948இல் சென்னை அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தவர் ஜி. என். ராமச்சந்திரன். தோலுக்கும் நரம்புக்கும் எலும்புக்கும் உறுதி தரும் புரதமான கொலாஜனின் அமைப்பு அன்றைக்கு யாருக்கும் பிடிபடவில்லை. ராமச்சந்திரன் பக்கத்திலிருந்த தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கொலாஜன் வாங்கினார். அது கங்காரு வாலின் நார். கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து எக்ஸ்ரே படம் எடுத்து, 1954இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்: மூன்று சங்கிலிகள், ஒன்றை ஒன்று முறுக்கிக்கொண்ட கயிறு. மூன்றில் ஒரு இடத்தில் தவறாமல் கிளைசின் என்ற சிறிய அமிலம். இல்லையென்றால் முறுக்கு உட்காராது. சிங்க்ரோட்ரான் எல்லாம் இல்லாத காலத்தில், சாதாரண எக்ஸ்ரே குழாயை வைத்து, சென்னையில் உட்கார்ந்து செய்த வேலை. அவருடைய அறிவின் மேல் எனக்கு மரியாதை உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை.

எனக்கு வேறு கணக்கு இருக்கிறது. அந்த நார் கங்காருவுடையதாக இருக்கலாம். ஆனால் அதைக் கொடுத்த நிலையம் எந்தத் தொழிலின் மேல் நிற்கிறது? செத்த மாட்டை உரித்துத் தூக்கிய தோள்களின் மேல் நிற்கிறது. அந்தத் தோளுக்குத் தீட்டு, அந்தத் தோலுக்கு ஏற்றுமதி. செத்த மாட்டோடு நம்மைக் கட்டிப்போட்டதில் தீண்டாமையின் வேர் இருக்கிறது என்று அம்பேத்கர் 1948இல் புத்தகமே எழுதினார். அதற்குப் பிறகும் 2002இல் ஹரியானாவின் துலினாவில் மாட்டுத்தோல் கொண்டுபோன ஐந்து தலித்துகளை அடித்தே கொன்றார்கள். 2016இல் குஜராத்தின் ஊனாவில் செத்த மாட்டை உரித்தவர்களைக் கட்டிவைத்து அடித்துப் படம் பிடித்துப் பரப்பினார்கள். ஆய்வுக்கூடத்தில் கொலாஜன்; தெருவில் சவுக்கடி.

என் சித்தப்பா பல்லாவரம் பக்கம் ஒரு தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயரே குரோம் லெதர் கம்பெனியால் வந்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தச் சாலையில்தான் அவர் சைக்கிள் மிதித்தார். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலைச் சதை சீவுவார். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலுக்கும் குரோம் டிரம்மில் சுழன்ற தோலுக்கும் வித்தியாசத்தை மூக்காலேயே சொல்லுவார். குரோம் நன்றாக ஏறியதா என்று பார்க்க ஒரு துண்டை வெட்டிக் கொதிக்கிற தண்ணீரில் போடுவார். சுருங்கவில்லை என்றால் ஏறிவிட்டது. தோலை மடித்து விரலால் தள்ளிப் பார்த்து, "இது தாங்காது, இது தாங்கும்" என்பார்.

ஏன் சுருங்கவில்லை? ராமச்சந்திரன் சொன்ன அந்த முறுக்குக் கயிறுகளைக் குரோமியம் குறுக்கே பிணைத்துவிடுகிறது. ஏன் ஒரு தோல் தாங்குகிறது, இன்னொன்று கிழிகிறது? நியூசிலாந்தின் மாசி பல்கலைக்கழகத்தார் ஆஸ்திரேலியாவின் சிங்க்ரோட்ரான் ஒளியில் தோலை வைத்துப் பார்த்து, 2010களில் எழுதினார்கள்: கொலாஜன் நாரிழைகள் தோலின் மேற்பரப்போடு படுத்த வாக்கில் இருந்தால் வலிமை அதிகம், குத்துவாக்கில் நின்றால் கிழியும். ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் ஒப்பிட்டு அளந்து சொன்னார்கள்.

சித்தப்பாவின் விரலுக்குத் தெரிந்ததும் வளையத்தின் ஒளிக்குத் தெரிந்ததும் ஒரே பொருள். 'நம்ம அறிவு நம்ம கையில இருக்கு' என்ற தோழர் இங்கே சந்தோஷப்படலாம். கொஞ்சம் பொறுக்கணும். சித்தப்பாவின் விரலுக்குத் தோல் தாங்குமா என்று தெரியும். ஏன் தாங்குகிறது என்று தெரியாது. 'ஏன்' என்பது தெரிந்தவன் புது முறை செய்கிறான், காப்புரிமை வாங்குகிறான், விலை வைக்கிறான். 'எப்படி' என்பது மட்டும் தெரிந்தவன் தினக்கூலி. கையை ஒரு சாதிக்கும் கண்ணை ஒரு சாதிக்கும் பிரித்துக் கொடுத்ததுதான் இந்தச் சமூகத்தின் வேலைப்பிரிவினை. கையறிவைப் புகழ்ந்து நம்மைக் கையோடு நிறுத்திக்கொள்வது அந்தப் பிரிவினைக்கு நாமே மாலை போடுவது.

5

முதல் தோழருக்கு வருகிறேன். தண்ணி. அதைத்தான் நானும் பேசுகிறேன்.

குரோமியத்துக்கு இரண்டு முகம். மூன்று இணைதிறன் உள்ளது ஒன்று. பதனிடுகிற டிரம்மில் போடுவது அது, தீமை குறைவு. ஆறு இணைதிறன் உள்ளது இன்னொன்று. நீரில் சுலபமாகக் கரைந்து ஓடும், மூச்சில் போனால் நுரையீரலில் புற்றுநோய் தரும். குரோமேட் உப்புத் தயாரிப்பிலும் குரோம் முலாம் பூசும் தொட்டியிலும் வருவது இரண்டாவது. வண்டிப் பாகத்துக்குப் பளபளப்புக் கொடுக்கும் அந்தத் தொட்டியின் ஆவியை யார் மூச்சு வாங்குகிறது?

ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் என்ற ஆலை இருந்தது. 1990களில் மூடினார்கள். லட்சம் டன்னுக்கு மேலான குரோமியக் கழிவு ஆலைக்குள்ளேயே மலையாகக் குவிந்து பல்லாண்டு கிடந்தது. மழை பெய்யும்போதெல்லாம் மஞ்சள் தண்ணீர் இறங்கியது. 1996இல் வேலூர் குடிமக்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம், கெடுத்தவனே காசு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் சகதியில் மூழ்கிச் செத்தார்கள். தீர்ப்புக்கும் இந்தச் சாவுக்கும் இடையில் 19 வருஷம்.

கிணற்றுத் தண்ணீரில் குரோமியம் எத்தனை இருக்கிறது என்று அறியச் சாதாரண ஆய்வுக்கூடம் போதும். அதற்கு வளையம் வேண்டாம். ஆனால் மண்ணில், சகதியில், தொழிற்சாலைத் தூசியில் இருக்கிற குரோமியம் மூன்றா ஆறா, எதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அடுத்த மழைக்குக் கரைந்து இறங்குமா, இறங்காதா என்பதைச் சொல்ல இந்த ஒளி மிக நல்ல சாட்சி. மாதிரியைக் கரைக்க வேண்டாம், எரிக்க வேண்டாம். அப்படியே வைத்து ஒளியைப் பாய்ச்சினால், ஆறு இணைதிறன் குரோமியம் இருக்கும் இடத்தில் 5,993 எலக்ட்ரான் வோல்ட் அருகே ஒரு கூர்முனை எழும். மூன்று இணைதிறனுக்கு அந்த முனை எழாது. அதிகாரி மறைக்கலாம், முதலாளி மறுக்கலாம். முனை எழுந்தால் எழுந்ததுதான்.

உலகத்தில் இந்த வேலை நடக்காமல் இல்லை. விஷ உலோகம் கலந்த மண்ணை வளைய ஒளியில் வைத்துப் பார்க்கும் ஆய்வுத்துறை பல நாடுகளில் உண்டு. நான் கேட்பது, நாகல்கேணி மண்ணையும் ராணிப்பேட்டைச் சகதியையும் இங்குள்ள முலாம் பட்டறைத் தூசியையும் யார் கேட்டு, யாருக்காக, அந்த வாசலில் வைப்பது என்பதுதான். கேள்வியை உண்டாக்குகிறவன் யார் என்பது பதிலைவிடப் பெரிய அரசியல். மினுமினுப்பான புதுப்பொருளுக்கு விண்ணப்பம் எழுதுகிறவனுக்கு அந்தச் சகதி கண்ணில் படாது. அவன் வீட்டுக் கிணற்றில் அது இறங்கவில்லை.

6

இப்போது கதவு.

1975இல் மத்திய அரசு ஒரு ஆணை போட்டது. ஆராய்ச்சி செய்கிற, ஆராய்ச்சியை வழிநடத்துகிற அறிவியல், தொழில்நுட்பப் பதவிகளில், முதல் பிரிவின் அடிமட்டத்துக்கு மேலே உள்ளவற்றை இடஒதுக்கீட்டிலிருந்து விலக்கிக்கொள்ளலாம். அதாவது, வாசலில் நுழையலாம், மாடிப்படி ஏறக் கூடாது.

2019இல் மத்தியக் கல்வி நிறுவனங்களின் ஆசிரியர் பணியில் இடஒதுக்கீட்டை உறுதிசெய்ய ஒரு சட்டம் வந்தது. நல்ல சட்டம்தான். அதன் 4ஆம் பிரிவு ஒரு ஓட்டை வைத்தது: உன்னத நிறுவனங்கள், ஆராய்ச்சி நிறுவனங்கள், தேசிய முக்கியத்துவம் உள்ளவை என்று அட்டவணையில் போட்டவற்றுக்கு இது பொருந்தாது. அட்டவணையைப் படியுங்கள். ஹோமி பாபா தேசிய நிறுவனமும் அதன் உறுப்பு மையங்களும். அவற்றில் இந்தூரின் ராஜா ராமண்ணா மையம் இருக்கிறது. நம் வளையம் அங்கேதான் சுற்றுகிறது. கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. சென்னை தரமணியின் கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது.

ஒரகடமும் கல்பாக்கமும் ஒரே பழைய செங்கல்பட்டு மாவட்டம். இங்கிருந்து ஒரு பேருந்து தூரம். அங்கே போய்ச் சுவர் கட்டியவர்கள் நம் ஆட்கள், புல் வெட்டுகிறவர்கள் நம் ஆட்கள். பேராசிரியர் நாற்காலி மட்டும் 'தேசிய முக்கியத்துவம்'. அப்படியானால் நாம் தேசத்துக்கு முக்கியம் இல்லை என்று சட்டமே எழுதித் தந்துவிட்டது. நன்றி. சொல்லாமல் செய்ததைச் சொல்லிச் செய்கிறீர்கள்.

'தகுதி, திறமை' என்று ஒருவர் கையைத் தூக்குவார். அவரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வளையத்தில் வேலை எப்படி நடக்கிறது? ஒற்றை மேதை தியானத்தில் உட்கார்ந்து ஒளியை வரவழைப்பதில்லை. வெற்றிடக் குழாயைப் பற்றவைத்தவர் கை நடுங்கினால் வளையம் இல்லை. காந்தத்தைக் குளிர்விக்கும் தண்ணீர் ஒரு மணி நேரம் நின்றால் வளையம் இல்லை. இரவும் பகலும் முறை மாற்றி நூற்றுக்கணக்கானவர் கூடி நடத்தும் கூட்டுவேலை அது. ஆலைத்தொழிலாளி செய்வதற்கும் அதற்கும் உறவு நெருக்கம். அக்கிரகாரத்துத் திண்ணைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மூன்று ஷிப்டு பார்த்த அப்பனின் மகளுக்கு அந்த வேலை வராது என்று எந்த இயற்பியல் சொல்கிறது?

7

அறிவியலே அதிகாரம் என்ற தோழருக்கு மிச்சம் இருக்கிற பதில் இது. நீங்கள் சொல்வதில் பாதி நிஜம். ஜப்பானில் டயர்க் கம்பெனி சுமிதோமோ, ரப்பருக்குள் சிலிக்காத் துகள் எப்படிக் கூடி நிற்கிறது என்று ஸ்பிரிங்-8 ஒளியில் பார்த்துப் புது டயர் செய்தது. டொயோட்டா அதே வளையத்தில் தனக்கென ஒரு வாசலே வைத்திருக்கிறது. முதலாளி அந்த ஒளியை விடவில்லை. அவனுக்குத் தெரியும், பொருளின் உள்ளே பார்க்கிறவன் கையில்தான் விலை இருக்கும் என்று. நீங்கள் மட்டும் 'அது அவன் சொல்லாடல்' என்று ஒதுங்கி நின்றால் முதலாளிக்குக் கொண்டாட்டம். பார்ப்பனீயத்துக்கும் கொண்டாட்டம். நம்மை ஒதுக்க அவர்கள் செலவழித்த மூவாயிரம் வருஷத்தை நாமே இலவசமாகச் செய்து கொடுத்த மாதிரி.

ஒரகடத்திலேயே மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. வண்டியை மோத விட்டு, உள்ளே இருக்கும் பொம்மைக்கு எங்கே அடிபடுகிறது என்று பார்க்கிறார்கள். பொம்மைக்கு அடிபட்டால் அளக்கக் கருவி உண்டு. முலாம் தொட்டி அருகே நிற்கிறவனின் நுரையீரலுக்கு? பொம்மைக்கு இருக்கும் மரியாதையைத்தான் கேட்கிறோம், தோழர். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை.

8

இந்த மாவட்டத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்கீர், பறையர்களின் நிலைமை பற்றி ஒரு அறிக்கை எழுதினார். நிலமில்லாததுதான் அடிமைத்தனத்தின் அடிப்படை என்பது அதில் தெரிந்தது. அதைத் தொடர்ந்து 1892இல் பஞ்சமி நிலம் வந்தது. பஞ்சமர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. பிறகு எப்படியெல்லாம் பிடுங்கினார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காரணை பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடி, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிக்கு ஜான் தாமஸும் ஏழுமலையும் பலியானார்கள். நூறு வருஷத்துக்கு முன் காகிதத்தில் கொடுத்ததைக் கேட்டதற்குக் குண்டு.

அன்றைக்கு நிலம் உற்பத்திக்கு அடிப்படை. இன்றைக்கும் நிலம் வேண்டும், விட்டுக்கொடுக்கப் போவதில்லை. கூடவே பொருளின் உள்ளே பார்க்கும் ஒளியும் உற்பத்திக்கு அடிப்படையாகிவிட்டது. பொதுக்காசில் எரிகிற ஒளி. அதில் நம் பங்கு எங்கே? நிலத்தில் பஞ்சமி கேட்ட மண்ணிலிருந்து ஒளியிலும் பஞ்சமி கேட்கிறேன்.

ஒன்று: 2019 சட்டத்தின் விலக்கு அட்டவணையை நீக்க வேண்டும். 1975 ஆணையின் விலக்கை ரத்து செய்ய வேண்டும். அந்த நிறுவனங்கள் ஒவ்வொன்றிலும் விஞ்ஞானிகள், ஆய்வு மாணவர்கள் எத்தனை பேர் எந்தப் பிரிவினர் என்று வருஷந்தோறும் கணக்கை வெளியிட வேண்டும்.

இரண்டு: வளையத்தின் ஒளிநேரத்தில் ஒரு பங்கை நிலையாக ஒதுக்க வேண்டும். தோல் ஷாப்புத் தெருவின் மண்ணுக்கு, தொழிற்பேட்டைத் தூசிக்கு, கழிவு கொட்டிய காலனிகளின் கிணற்றடிச் சகதிக்கு. அந்த நேரத்தை வேறு எதற்கும் மாற்றக் கூடாது, பஞ்சமி நிலத்தின் நிபந்தனை மாதிரியே. வந்த முடிவைத் தமிழில் எழுதி அந்தத் தெருவில் கொடுக்க வேண்டும்.

மூன்று: இண்டஸ்-2ஐவிடப் பெரிய வளையம் கட்ட வேண்டும் என்ற பேச்சு விஞ்ஞானிகளிடையே பல வருஷமாக இருக்கிறது. கட்டட்டும். அடிக்கல் நாட்டுவதற்கு முன்னாலேயே, பற்றவைப்பவரிலிருந்து இயக்குநர் வரைக்கும் ஒதுக்கீடு எழுத்தில் இருக்க வேண்டும். வளையம் சுற்ற ஆரம்பித்த பிறகு கேட்டால் 'தேசிய முக்கியத்துவம்' என்பார்கள்.

நான்கு, இது அரசுக்கு அல்ல, நமக்கு: இயக்கத்தின் இரவுப் பள்ளிகளில் அம்பேத்கரையும் அயோத்திதாசரையும் படிப்பதோடு படிகத்தையும் அலைநீளத்தையும் படிக்க வேண்டும். கல்லுப்புப் படிகத்தைக் கையில் கொடுத்து, இது ஏன் சதுரமாக உடைகிறது என்று கேட்க ஆரம்பித்தால் போதும். ஐடிஐ முடித்து லைனில் நிற்கிற தம்பிக்கும் போன் திரை துடைக்கிற தங்கைக்கும் தாங்கள் தொடும் மேற்பரப்புக்குள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். தெரிந்தவர் கேள்வி கேட்பார். கேள்வி கேட்கிறவரை நீண்ட நாள் தினக்கூலியாக வைத்திருக்க முடியாது.

தோலை உரித்தோம், பதனிட்டோம், செருப்பாக்கி அவர்கள் காலுக்குப் போட்டோம். இரும்புக்கு வண்ணம் பூசினோம், டயரை ஒட்டினோம். தொட்டதெல்லாம் நாம், பார்த்ததெல்லாம் அவர்கள். தொட்டவர்களுக்குப் பார்க்கும் உரிமை வேண்டும். இந்தூரின் வாசலிலும் கல்பாக்கத்தின் வாசலிலும் போய் நின்று அதைக் கேட்கப் போகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் படிக்கிற மாணவத் தோழர்கள்தான். விண்ணப்பம் எழுதுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். காரணம் வந்ததும் நம் இதழுக்கு அனுப்புங்கள், அச்சடிப்போம்.